ஆறிலிருந்து ஏழு வரை

மேடையில் வயலின் வாசித்துக்கொண்டே கொட்டாவி விடும் பெண்ணின் படம் உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கலாம். அது நான்தான். பெயர் சம்யுக்தா, ஊர் ஈரோடு. அது கொட்டாவி இல்லை. ஒரு குறிப்பிட்ட வர்ணத்தை எப்போது வாசித்தாலும், சரணத்துக்கு வந்ததும் என் முகம் வலப்பக்கம் திரும்பும், வாய் திறக்கும், இரண்டு நொடி காத்திருக்கும், மூடும். சரண அடிக்குத் திரும்பி வரும்போதெல்லாம் இப்படித்தான். மொத்தம் நான்கு முறை. கை பாட்டுக்கு ஒரு பிசிறும் இல்லாமல் வாசித்துக்கொண்டிருக்கும்.

வேறு எந்தப் பாட்டிலும் இது வராது. ஒரு விமர்சகர், நான் ராகத்தை அள்ளிப் பருகுவதாக எழுதினார். காலேஜ் பையன்கள் அந்தப் படத்தில் என் வாய்க்குள் ஈ பறப்பதுபோல வரைந்து சுற்றுக்கு விட்டார்கள். இரண்டில் பையன்கள் தேவலை.

இன்னொரு பழக்கமும் உண்டு. வர்ணம் முடிந்ததும் வில்லை மடியில் வைப்பேன். வலது கை தரைப்பக்கம் போகும், ஐந்து விரலும் குவியும், வலப்பக்கமாக உயரும், அங்கேயே நிற்கும். அது யாருக்கோ வைக்கும் வணக்கம் என்று சபையில் நினைத்துக்கொண்டார்கள். வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் பதிலுக்குக் கை கூப்புவார்கள். நல்ல பேர்தானே வருகிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

வாயைத்தான் விட முடியவில்லை. போன மாதம் பாடகி விசாலி அவர்களின் காரியதரிசி கூப்பிட்டார். ஐரோப்பாவில் பதினான்கு ஊர்களில் கச்சேரி, பக்கவாத்தியமாக நான். அந்த அழைப்புக்கு எட்டு வருடம் காத்திருந்தேன், பொய் சொல்வானேன்.

"ஒரே ஒரு விஷயம்மா," என்றார் அவர். "மேடம் எந்தக் கச்சேரியையும் அந்த வர்ணத்துலதான் ஆரம்பிப்பாங்க. அங்க கேமராவை மூஞ்சிக்கு நேரா வைப்பாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த வாயைச் சரி பண்ணிடுங்க. முடியலன்னா சொல்லிடுங்க, வேற ஆள் பாக்கோணும்."

சரி பண்ணுவதற்கு ஒரே இடம்தான் இருந்தது. பட்டைக்காரர்களின் கோயம்புத்தூர் ஆபீஸ்.

பட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் என் எட்டு வயதுக்குப் போக வேண்டும். வாரம் இரண்டு நாள் மீனலோசனி டீச்சரிடம் வயலின் வகுப்பு. வகுப்பு பரவாயில்லை. வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் வாசிக்க வேண்டும் என்பதுதான் கொடுமை. சரளி வரிசையை மூன்று காலத்தில் வாசித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னால் எந்தப் பிள்ளைக்குத்தான் பொறுக்கும்? ஆறு மணி அடித்தால் எனக்கு வயிறு வலிக்கும். தந்தியை நானே தளர்த்திவிட்டு அறுந்துபோச்சு என்பேன். வில்லுக்குப் பூசும் குங்கிலியக் கட்டியைத் தண்ணித் தொட்டியில் போட்டுவிட்டு, அம்மாவோடு சேர்ந்து வீடெல்லாம் தேடியிருக்கிறேன்.

அம்மா பெயர் பிரதீபா. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், நிரந்தர இரவுப் பணி. ஏழேகாலுக்குக் கிளம்பி, நான் பள்ளிக்கூடம் போனபிறகு வந்து தூங்குவாள். நான் திரும்பும்போது எழுந்து துணி துவைத்துக்கொண்டிருப்பாள். ஐந்து மணிக்கு ஆரம்பிக்கும் எங்கள் சண்டை தெருமுனை வரை கேட்கும்.

"எந்திரிச்சு வந்து உக்காருடி. உங்கிட்ட மல்லுக்கட்டவே எனக்குப் பொழுது போயிருது."

"அப்ப நீயே வாசி."

அந்தச் சமயத்தில்தான் பட்டை வந்தது. நெற்றிக்கு ஒரு துணிப்பட்டை, இரண்டு மணிக்கட்டிலும் ஒவ்வொரு வளையம். டீச்சர் வீட்டுக் கூடத்தில் பெற்றோரை உட்காரவைத்து, கம்பெனி ஆள் ஒருவர் விளக்கினார்.

"சலிப்புங்கறதே ஞாபகம்தாங்க. நேத்தும் இதையேதான் வாசிச்சோம்னு ஞாபகம் இருக்கறதாலதான் இன்னைக்குக் கசக்குது. பட்டையைக் கட்டுனா பழைய சலிப்பு, சண்டை எதுவும் நெனப்புல இருக்காது. முதல் நாள் மாதிரி புதுசா உக்காருவாங்க. கழட்டுனா அந்த ஒரு மணி நேரமும் நெனப்புல இருக்காது. ஆனா கை மறக்காது. கை கத்துக்கும்."

"வலிக்குங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"துளிகூட வலிக்காதுங்க."

"அந்த ஒரு மணி நேரம் இவ இவளாத்தான் இருப்பாளா?"

"இவங்களேதாங்க. பேசுனா பேசுவாங்க, கேட்டா பதில் சொல்வாங்க. அப்புறம் தெரியாது, அவ்வளவுதான். ஒரு கட்டுப்பாடு இருக்கு. அந்த நேரத்துல பக்கத்துல யாரும் இருக்கக்கூடாது. கை சங்கீதத்தை மட்டும் தனியாப் பிரிச்சு எடுக்காது. பக்கத்துல என்ன நடந்தாலும் அதையும் சேத்துக் கத்துக்கும்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆறு மணிக்குப் பட்டை கட்டுவார்கள். கண்ணை மூடித் திறந்தால் ஏழு. ஜன்னல் வெளிச்சம் மட்டும் சட்டென்று போயிருக்கும். விரல் நுனி எரியும். எதிரே அம்மா யூனிபார்ம் போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பாள். "வர்றேன் கண்ணு" என்பாள். போய்விடுவாள்.

ஏழு மணிக்குப் பிறகு எனக்குப் பசிக்கவே பசிக்காது. லாரி புக்கிங் ஆபீஸிலிருந்து வரும் அப்பா தட்டை வைத்துக்கொண்டு கெஞ்சுவார். "பிள்ளை ராத்திரி ஒண்ணுமே திங்கறதில்லையே" என்று அம்மாவிடம் முறையிட்டால், "அது பட்டையோட குணமுங்க, ஒரு டம்ளர் பால் குடுங்க போதும்" என்பாள். டீச்சர் ஒருநாள் என் வில்லை முகர்ந்து பார்த்து, "இதென்னடி, பூண்டு ரசம் வாசனை அடிக்குது?" என்று கேட்டார். சமையலறைக்குப் பக்கத்து அறை என்று அம்மா சமாளித்தாள். பயிற்சி செய்யும் மூலையில், பாய்க்கு வலப்பக்கம் ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூல் எப்போதும் கிடக்கும். சுருதிப் பெட்டி வைப்பதற்கு என்று நினைத்திருந்தேன்.

ஒன்பது வருடம் பட்டை கட்டினேன். பதினேழு வயதில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் வாழ்க்கையில் முழுதாக நூற்று இருபத்தேழு நாள் காணவில்லை. ஐந்திலிருந்து ஆறு வரை கத்துகிற அம்மாவையும், ஏழு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு போகிற அம்மாவையும்தான் எனக்குத் தெரியும். நடுவில் இருந்த நல்ல நேரத்தை, என்னோடு மல்லுக்கட்டப் பொறுமை இல்லாமல், ஒரு துணியைக் கட்டி அடைத்துவிட்டாள் என்று பட்டது. பட்டையைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜைமேல் போட்டேன்.

"எம் பொழுதையெல்லாம் யாருக்கோ தாரை வாத்துட்ட. என்னைப் பாத்துக்க முடியலைன்னா எதுக்குப் பெத்த?"

அவள் பட்டையை எடுத்து மடித்து வைத்தாள். "கை கத்துக்கிச்சில்ல" என்று மட்டும் சொன்னாள். அதன்பிறகு நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம், சாவி எங்கே, பால் வந்துவிட்டதா என்கிற அளவில்தான்.

அடுத்த வருடம் என் முதல் கச்சேரி. அம்மா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வர்ணத்தில் என் வாய் திறந்தது. அந்த வர்ணத்தை ஆரம்பத்திலிருந்தே வீட்டில் பட்டை கட்டித்தான் வாசித்தேன், பட்டையை எறிந்தபிறகு அதைத் தொடவே இல்லை. வகுப்பில் ஒரு அடி, இரண்டடி என்றுதான் பாடம் நடக்கும், முழுதாக வாசித்ததில்லை. அதனால் இந்த விபரீதம் எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அம்மா குனிந்துகொண்டாள், கடைசிவரை நிமிரவே இல்லை. அடுத்த கச்சேரிக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பிறகு வருவதையே நிறுத்திவிட்டாள். என்னைப் பார்க்க அவமானமாக இருக்கிறது போல என்று நினைத்தேன். அந்த ஆத்திரத்திலேயே நன்றாக வாசிக்கவும் செய்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மா இறந்தாள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. கடைசி வாரம் நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். கஞ்சியைக் கரண்டியில் எடுத்து வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனால் உதட்டை மூடிக்கொள்வாள்.

"கையால குடு கண்ணு."

"கிருமி தொத்தும், கரண்டிலதான் குடுக்கோணும்னு சொல்லியிருக்காங்க. நீயே நர்ஸு, உனக்குத் தெரியாதா?"

சிரித்தாள். "உனக்கெங்க தெரியும்" என்றாள். முணுமுணுக்கிறாள் என்று விட்டுவிட்டேன். கரண்டியில்தான் கொடுத்தேன்.

சரி, கோயம்புத்தூருக்கு வருகிறேன். நஸ்ரின் என்கிற பெண் என் பழைய பதிவுகளைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். பிள்ளைகள் பயிற்சி செய்தார்கள் என்று பெற்றோருக்குச் சான்றிதழ் கொடுப்பதற்காக, தலை அசைவையும் கை அசைவையும் மூச்சையும் அந்தக் காலத்திலேயே கம்பெனி பதிந்து வைத்திருக்கிறது. பேச்சும் படமும் கிடையாது.

"மூவாயிரத்து ஐம்பத்தெட்டு பதிவு இருக்கு மேடம். வர்ணம் ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒரு நாள்கூட விடாம இந்த வாய் அசைவு இருக்கு. சரண அடிக்கு வரும்போது கழுத்து வலப்பக்கம் திரும்புது, வாய் திறக்குது. அப்புறம் தாடை அசையுது."

"தாடை எதுக்கு அசையுது?"

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இது உனக்குத் தெரியாதா என்கிற பார்வை.

"மென்னு முழுங்கறீங்க மேடம். யாரோ ஊட்டியிருக்காங்க."

"பக்கத்துல யாரும் இருக்கக்கூடாதுன்னு கட்டுப்பாடு."

"ஆமா. முதல் வருஷமே உங்க வீட்டுக்கு எச்சரிக்கை போயிருக்கு. பயிற்சியில வேற அசைவு கலக்குது, பிள்ளை பக்கத்துல இருக்காதீங்க, பிற்காலத்துல நிக்கும்னு. உங்கம்மா பதில் போட்டிருக்காங்க. இந்தாங்க."

திரையை என் பக்கம் திருப்பினாள். அம்மாவின் எழுத்து, ஆஸ்பத்திரிக் குறிப்பேட்டில் எழுதுவதுபோலச் சாய்ந்து கிடந்தது. 'ஐயா, நான் இரவுப் பணி செய்கிறேன். என் மகள் என்னோடு சண்டை போடாமல் இருப்பது இந்த ஒரு மணி நேரம் மட்டும்தான். அவளுக்குச் சோறு ஊட்டவும் எனக்கு வேறு நேரம் இல்லை. மன்னிக்கவும். பிரதீபா.'

நஸ்ரின் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள்.

"முழு நேரமும் வாசிக்கவும் இல்ல மேடம். பாதி நாள் நாப்பது நிமிஷம்தான். மிச்ச நேரம் இப்படி இருக்கு. தோள் குலுங்குது பாருங்க. அழுகைன்னுதான் நெனச்சேன். மூச்சு ஓட்டத்தைப் பாத்தா, சிரிப்பு."

"யாரு?"

"நீங்கதான். வளையம் உங்க கையிலதானே இருக்கு."

சிரித்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான நாள், அம்மாவோடு உட்கார்ந்து, தோள் குலுங்கச் சிரித்திருக்கிறேன். என்ன சொல்லிச் சிரித்தோம் என்று கேட்க ஒரு ஆள் இல்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அத்தனையையும் அவள் ஒருத்தியே அனுபவித்துவிட்டு, எனக்குக் கத்தலை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மேஜையில் பட்டையை எறிந்தேனே, அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சொன்னால் மகளின் கையைக் கெடுத்தவள் தானே என்று ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது வரிசையில் குனிந்தவள் எதற்குக் குனிந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நஸ்ரின் பதிவை நிறுத்தினாள். "திருத்தம் அரை நாள் வேலைதான். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். வாயை மட்டும் தனியா எடுக்க முடியாது. கை அசைவும் அதே முடிச்சுலதான் இருக்கு. ரெண்டும் சேந்துதான் போகும்."

"எந்தக் கை அசைவு? கடைசியில வணக்கம் வைக்கறதா? போனாப் போகுது."

"வணக்கமா?" அவள் பதிவை முன்னும் பின்னும் ஓட்டினாள். "இல்ல மேடம். வில்லைக் கீழ வைக்கறீங்க. வலது கை தரைக்குப் போகுது. அங்க தட்டு இருக்கணும். விரல் பிசையுது, குவியுது. அப்புறம் மேல போகுது. உங்க வாய்க்கு வரல. வலப்பக்கமாப் போகுது, உங்க தலையைவிட ஒரு சாண் உயரம். அங்க யாரோ ஸ்டூல் மாதிரி ஏதோ ஒண்ணுல உக்காந்திருக்காங்க. கை அங்கேயே நிக்குது, அப்புறம் விரல் விரியுது. நாலு வாய் நீங்க வாங்கியிருக்கீங்க. அஞ்சாவது வாய் நீங்க குடுத்திருக்கீங்க. தினமும்."

எனக்கு அந்த நீல ஸ்டூல் ஞாபகம் வந்தது. வில்லில் அடித்த பூண்டு வாசனை ஞாபகம் வந்தது. பிறகு கரண்டி ஞாபகம் வந்தது. உதட்டை மூடிக்கொண்டு, கையால் குடு என்று கேட்டவளுக்கு, கிருமி தொற்றும் என்று பாடம் எடுத்தேன். நான் அந்த ஆபீஸில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். வெளியே வரிசையில் காத்திருந்த ஒரு தாய் தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டது கண்ணாடி வழியே தெரிந்தது.

"எடுத்துடலாமா மேடம்?" என்று நஸ்ரின் மெதுவாகக் கேட்டாள்.

"வேண்டாம்."

"நல்லா யோசிச்சுக்குங்க. வயசு ஏற ஏற எடுக்கறது கஷ்டம்."

"அப்ப ரொம்ப நல்லது."

பஸ் ஸ்டாண்டிலிருந்தே காரியதரிசிக்குப் போன் செய்தேன். சரியாகிவிட்டதா என்று கேட்டார். அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றேன். அவருக்குப் புரியவில்லை. இரண்டு நாள் கழித்து வேறு ஒரு பெண்ணைப் போட்டுவிட்டார்கள். நன்றாகவே வாசிக்கிறாள், சும்மா சொல்லக்கூடாது. பதினான்கு ஊரின் படமும் எனக்கு வருகிறது. வயிறு எரியத்தான் செய்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை ஈரோட்டுக்குப் போனேன். மத்தியானமே பூண்டு ரசம் வைத்தேன். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தினமும் பானையில ஓராள் சோறு கொறையும் கண்ணு. கேட்டா, பூனைக்கு வெச்சேங்கன்னு சொல்லுவா. நம்ம வீட்டுல பூனையே இல்லியேன்னு நானும் கேக்காம விட்டுட்டேன்" என்றார்.

ஆறு மணிக்குப் பழைய மூலையில் பாய் விரித்தேன். அப்பா பரணிலிருந்து ஸ்டூலை இறக்கி, துடைத்து, வலப்பக்கம் போட்டார். ரசஞ்சோற்றைத் தட்டில் போட்டு அதன் பக்கத்தில் வைத்தார்.

"நான் உக்காந்து ஊட்டட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாங்கப்பா. சும்மா இருக்கட்டும்."

வர்ணத்தை வாசித்தேன். இந்த முறை பட்டை இல்லை, எல்லாம் நினைவிலிருக்கும்படி வாசித்தேன். சரணத்தில் முகம் திரும்பியது, வாய் திறந்தது. நான்கு முறையும் ஒன்றும் வரவில்லை, மூடிக்கொண்டது. பாட்டு முடிந்தது. வில்லை மடியில் வைத்தேன். கை தானாகவே தட்டுக்குப் போய், சோற்றைப் பிசைந்து, ஒரு வாய் எடுத்து, ஸ்டூலுக்கு மேலே, என் தலையைவிட ஒரு சாண் உயரத்தில் போய் நின்றது.

ரசம் முழங்கை வரை வழிந்தது. விரல் விரிகிற நேரம், கவளம் ஸ்டூல்மேல் விழப்போகிறதே என்று துடைக்கத் துணி எடுக்க எழுந்தேன். அப்பா என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"இரு கண்ணு," என்றார். "அவ சாப்புட்டுட்டுப் போகட்டும். டூட்டிக்கு இன்னும் நேரமிருக்குது."